அனல்மைந்தனின் அடுத்த வரி

பயந்தாங்கொள்ளி என்று என்னை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. சினிமா ரசனை இல்லாதவன் என்று சொன்னால்தான் வரும். அந்தக் கோபம்தான் எழுபத்தாறாம் வருஷம் ஒரு நல்ல மனிதனைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரிக்கிற வேலையில் இருந்தேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை "பாருங்கம்மா, தொட்டுப் பாருங்கம்மா" என்று குழைகிற வாய். வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவேன். என் புனைபெயர் அனல்மைந்தன். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் பெயர் இருந்தது.

எழுதியதெல்லாம் 'ஊடை' என்ற கையெழுத்துப் பத்திரிகையில். தறியில் குறுக்கே ஓடுகிற இழையின் பெயர் அது. மாதம் ஒன்று, அதுவும் ஒரே ஒரு பிரதி. வீட்டுக்கு இரண்டு நாள் என்று பதினான்கு வீடுகளைச் சுற்றி வரும். எழுதுகிறவர்கள் பலர், ஆனால் தாளில் இருப்பது ஒரே கை. யேசுதாஸின் கை.

யேசுதாஸ் செவிலிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என்னைவிட ஆறு வயது இளையவன். திருப்புட்குழிப் பக்கம் ஊரார் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ரேஷன் கார்டு மனு, கல்யாணப் பத்திரிகை விலாசம், டீக்கடைப் பலகை எல்லாம் அவனிடம்தான் வரும். ஊரில் பாதிப் பேர் எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் யேசுதாஸ் என்று சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் கொடுக்கிற கிறுக்கலை அவன் பிரதி எடுத்து முடித்ததும் மூலத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவான். அது 'ஊடை'யின் சட்டம். யார் எந்தப் புனைபெயர் என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. காரணம் பயம் இல்லை, வெட்கம்தான். காதல் கவிதை எழுதுகிற கணக்குப்பிள்ளை தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? இந்த ஏற்பாட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று பதினான்கு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பொங்கலுக்கு 'நகரக் காவலன்' படம் வந்தது. 'கதவில்லா நகரம்' என்ற நாவலைத் தழுவியது. நாவலை நான் நான்கு முறை படித்தவன். திருடன் ஒளிய இடம் இருக்கக் கூடாது என்று ஒரு நகரத்தில் எல்லா வீட்டுக் கதவையும் கழற்றச் சொல்லி உத்தரவு வருகிறது. கதவு செய்து பிழைத்த தச்சன் கதவு கழற்றுகிறவன் ஆகிறான். கடைசி அத்தியாயத்தில் அந்த உத்தரவு காலாவதி ஆகிவிடுகிறது. தச்சன் புதுக் கதவுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகிறான். இனாம் என்கிறான். ஒருவரும் வாங்கவில்லை. கதவு வைத்தால் உள்ளே என்ன மறைக்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்பானே என்று எல்லாருக்கும் பயம். வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்புகிற தச்சன், தன் வாசலுக்கும் ஒன்று மாட்டாமல் படுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் நாவல்.

படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? தச்சன் சிலம்பம் சுற்றுகிறான். நாவலில் முகமே இல்லாத உத்தரவுக்குப் படத்தில் கன்னத்தில் தழும்போடு ஒரு அதிகாரி வந்துவிட்டார். கதவு இல்லாத வீட்டில் கதாநாயகி மழையில் நனைந்துகொண்டு பாடுகிறாள். முடிவில் மேலிடத்திலிருந்து பெரியவர் காரில் வந்து இறங்கி, "இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது" என்று கண் கலங்குகிறார். கதவுகள் திரும்புகின்றன. ஜனங்கள் கை தட்டுகிறார்கள். தியேட்டரில் எனக்கு முன்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரே மூச்சில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். நாவலில் கதவைக் கழற்றியது பக்கத்து வீட்டுக்காரன், படத்தில் ஒரு கெட்டவன், இதுதான் வித்தியாசம் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அனல்மைந்தன் ஆயிற்றே. "இந்த வருஷத்தில் இந்த முடிவை ஏன் மாற்றினார்கள் என்று யாருக்கு விளங்காது? காரில் வருகிற பெரியவர் தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்கிறார்" என்றும் எழுதினேன். டெல்லியில் எமர்ஜென்சி அறிவித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அதன் சூடு எங்கள் பக்கம் அவ்வளவாக எட்டவில்லை.

யேசுதாஸ் படித்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தான்.

"ண்ணா, இந்த ரெண்டு வரி வேணாமே. மீதி எல்லாம் பிரமாதமா இருக்குது."

"ஏன், பயமா?"

"பயம்னு இல்ல. இது சினிமா பத்தி இல்லியே."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எழுதறது என் வேலை, காப்பி எடுக்கறது உன் வேலை. ஒரு எழுத்தும் மாத்தாத" என்றேன். அவன் சிரித்தபடி சரி என்றான். மற்ற வரிகளைவிட அந்த இரண்டு வரியை இன்னும் அழகாக எழுதியிருந்தான். அதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன்.

இதழ் ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி முதல் வீட்டுக்குப் போனது. முப்பத்தொன்றாம் தேதி டெல்லியிலிருந்து உத்தரவு போட்டுச் சென்னையில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னாரைப் பிடித்துவிட்டார்கள், கூரம் கிராமத்தில் இன்னாரைப் பிடித்துவிட்டார்கள் என்று காதில் விழ ஆரம்பித்தது. டீக்கடையில் பெஞ்சு இருந்தது, ஆள் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. நான் யேசுதாஸிடம் ஓடினேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு இதழைத் திரும்ப வாங்கப் புறப்பட்டுப்போனான். ஒரு மணி நேரத்தில் வெறுங்கையோடு வந்தான்.

"மூணாவது வீட்ல குடுத்துட்டேன்றாரு. நாலாவது வீட்ல எங்களுக்கு வரவே இல்லன்றாரு."

"யாரு பொய் சொல்றாங்க?"

"ரெண்டு பேருமே என் கண்ணப் பார்த்துத்தான் பேசினாங்கண்ணா."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்குள் பெண்கள் துணை இல்லாமல் ஒரு ஆள் வந்தால் போதும், விரித்த புடவையையே திரும்பத் திரும்ப விரிப்பேன். ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து அரை மணி நேரம் மாம்பழ நிறமும் மயில்கழுத்து நிறமும் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் மகளோடு வந்து கல்யாணப் புடவை எடுத்துப்போனார் என்பது வேறு விஷயம்.

மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, யேசுதாஸின் மனைவி அம்சா கடை வாசலில் வந்து நின்றாள். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"ண்ணா, ஸ்கூல்ல பசங்க முன்னாடியே இட்டுக்கினு போயிட்டாங்கண்ணா. போர்டுல எழுதி வச்சிருந்தத அந்த ஊடை புக்கோட வச்சிப் பார்த்தாங்களாம்."

பலகையில் விரித்திருந்த புடவையைக் கையில் எடுத்தேன்.

"யார் எழுதினதுன்னு கேட்டா நான்தான்னு சொல்றாராம். அவருக்கு சினிமாவே புடிக்காதுண்ணா, உங்களுக்குத் தெரியும்ல? அது யாருண்ணா அந்த அனல்மைந்தன்?"

கையில் இருந்த புடவையை மடித்தேன். மடித்து முடித்தும் திரும்ப மடித்தேன். "விசாரிக்கறேம்மா" என்றேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து கலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவிக்கு அதுவரை அனல்மைந்தன் யார் என்று தெரியாது. அழுவாள், போகாதீர்கள் என்று காலைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்காகத்தான் அவளிடம் சொன்னேன்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "போய் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"உள்ள போட்டுடுவான் கலா."

"போட்டா போடட்டும். எங்க அண்ணன் வூட்ல ஒரு வாய் கஞ்சி இல்லாமலா பூடும்? அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா?"

ஸ்டேஷன் வரை நடந்தேன். கால் தானாக நடந்தது, எனக்கு அதில் பங்கு இருந்ததாக ஞாபகம் இல்லை. உள்ளே சுவரோரம் பெஞ்சில் யேசுதாஸ் உட்கார்ந்திருந்தான். சட்டையில் இன்னும் சாக்பீஸ் தூள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், யாரோ ஒருவர் வந்திருப்பதுபோல.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் 'ஊடை' திறந்திருந்தது. தூக்கமில்லாத மனிதர். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அத எழுதினது நான்" என்றேன்.

"நீயா? யாரு நீ?"

சொன்னேன். ஒரு தாளைத் தள்ளினார். "எழுது பார்ப்போம். 'கதவில்லா நகரம்'னு எழுது."

எழுதினேன். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்பா, ஃப்ரெண்டுக்காக வந்தியா?"

"இல்ல சார். நான் எழுதிக் குடுத்தேன், அவரு காப்பி எடுத்தாரு."

"நீ எழுதிக் குடுத்தது எங்க இருக்குது?"

"கிழிச்சிட்டாரு சார்."

"வசதியா இருக்குது." டீயை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். "எனக்கு இந்தப் படம் புடிச்சிருந்துது, தெரியுமா? ரெண்டு வாட்டி பார்த்தேன். முடிவுதான் நல்லா இருந்துது." அவர் பக்கத்தைப் புரட்டினார். "சரி. எழுதினவனுக்கு மனப்பாடமா இருக்கும்ல? நான் ஒரு வரி படிக்கிறேன். அடுத்த வரிய நீ சொல்லு. சரியா சொன்னா அவன அனுப்பிட்டு உன்ன உக்கார வைக்கிறேன்."

நிதானமாகப் படித்தார். "'இந்த வருஷத்தில் இந்த முடிவை ஏன் மாற்றினார்கள் என்று யாருக்கு விளங்காது?'"

அடுத்த வரி எனக்குத் தெரியும். நான்கு முறை அடித்து எழுதிய வரி. குளிக்கும்போதும் கடைக்கு நடக்கும்போதும் நானே எனக்குச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த வரி. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அங்கே ஒரு கான்ஸ்டபிள் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தரை ஈரமாக இருந்தது. அங்கிருந்து ஒருவர் முனகுகிற சத்தம் வந்தது.

"சொல்லுப்பா."

நான் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாபகம் வரல சார்."

பெஞ்சிலிருந்து யேசுதாஸ் பேசினான். "அவர வுட்டுடுங்க சார். புடவக் கடையில இருக்கறவரு. இதெல்லாம் அவருக்கு எழுத வராது."

இன்ஸ்பெக்டர் என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். "நல்ல மனசு உனக்கு. ஆனா போலீஸ்கிட்ட பொய் சொல்லாதப்பா" என்றார்.

வெளியே வெயில். தெருவில் பஸ் போனது, ஒரு பெண் பூ விற்றுக்கொண்டிருந்தாள். என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது. அதை நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கலாவதி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்பலியா?"

"நம்பல. கையெழுத்து வேறயா இருக்குதாம்."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணம் ஆன ஒன்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உள்ளே கூட்டிப்போய், கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, இலை போட்டுச் சோறு வைத்தாள். மூன்று வாரமாக இறங்காத சோறு இறங்கியது. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.