இடது கை வளையல்

வரட்டும், கொள்ளேகால் மோட்டார் வந்து நிற்கட்டும், அண்ணன் இறங்கட்டும், இந்தக் கையை ஒரு தடவை பார்த்தால் போதும், அப்புறம் இந்தப் பந்தல் பந்தலாக இருக்காது... என்று மாதேவி நினைத்தாள், நினைத்த மூச்சிலேயே ஐயோ வர வேண்டாம், மோட்டார் வழியிலேயே கெட்டு நிற்கட்டும் என்றும் நினைத்தாள். சேலைத் தலைப்பை இடது கை மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். மணிக்கட்டுக்குள் ஏதோ உட்கார்ந்து இடித்துக்கொண்டே இருந்தது, மேளக்காரன் ஒரு அடி அடித்தால் அதுவும் ஒரு அடி அடித்தது. பந்தலுக்குப் பின்னால் யாரோ வாழை மரம் வெட்டினார்கள், ஒரே வெட்டு, குலையோடு சாய்கிற சத்தம், அண்ணன் தொட்டையனுக்கும் ஒரே வெட்டுதான் பழக்கம். ராமாபுரத்தில் வாய்க்கால் மடையைத் திருப்பிவிட்டவன் கையில் அப்படித்தான் போட்டான், சேற்றில் கிடந்த விரல்களை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள், பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி இருந்தன, ரத்தம் கூட அதிகமில்லை, சேறு குடித்துவிட்டது. கோயமுத்தூர் ஜெயிலுக்குப் போய் வந்து அதே வரப்பில் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தான். வெறும் தண்ணீருக்காக வெட்டியவன், தங்கச்சிக்காக என்ன செய்ய மாட்டான்? இங்கே மைசூர்ச் சீமையில் வெட்டினால் மகாராஜாவின் போலீஸ்தானே வரும், மைசூர் ஜெயிலிலேயே வைத்துக்கொள்வார்களா, இல்லை கோயமுத்தூருக்கு அனுப்புவார்களா, தூக்கென்றால் எந்த ஊரில் போடுவார்கள்... சீ, கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைப்பு இது, மடியில் குழந்தை வேறு.

எதிர்ப்பக்கம் ஆம்பிளைகளுக்கு விரித்த ஜமக்காளத்தில் லிங்கப்பன் உட்கார்ந்திருந்தான், அவள் புருசன், வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பைப் பூப்போலத் தடவி மடித்து, கல்யாணப் பெண்ணின் அப்பா கெம்பையனுக்கு நீட்டினான். கெம்பையன் அவனுக்குச் சித்தப்பா முறை. பாருங்கள் அந்தக் கையை, ஒரு வெற்றிலை கூடக் கிழியவில்லை. மர மண்டியில் மேஸ்திரி, எவ்வளவு பெரிய தேக்குத் துண்டையும் தட்டிப் பார்த்து உள்ளே பொத்தல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான், மைசூரில் அவனைத் தங்கமான மனுசன் என்பார்கள். தங்கமான மனுசனுக்குக் கல்யாணம் என்றால் மட்டும் என்னவோ ஆகிவிடுகிறது. தாலி ஏறிய புதிதில் ஹனூரில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளைத் தோழன் சொன்ன வேடிக்கைக்கு எல்லோரும்தான் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், திரும்பி வருகிற வண்டியில் வாயே திறக்காமல் வந்தான், வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டதும்தான் திறந்தான், வாயை அல்ல. அப்புறம் நஞ்சன்கூட்டில், முகூர்த்தத்தில் குழந்தை அழுதது, பால் குடிக்கிற குழந்தை அழாமல் மந்திரமா சொல்லும்? அன்றைக்கு இடுப்பில் உதைத்தான். ஒறம்பரையில், சொந்தபந்தத்தில் யார் வீட்டிலாவது பெண் பேசி முடித்தார்கள் என்று கேட்டால் போதும், இவளுக்கு முதுகு அப்போதே வலிக்கும். இந்தக் கல்யாணத்துக்கு முந்தியே வாங்கியாயிற்று. தகரப் பெட்டியைத் திறந்து அரக்குச் சேலையை எடுத்தாள், அவ்வளவுதான், யாருக்குக் காட்டறதுக்கடி அதெ எடுக்கறே என்றான், உங்க சித்தப்பன் ஊட்டுக் கல்யாணத்துக்குத்தானுங் என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டாள், மூடியை அடித்துச் சாத்தினான். சாத்தியது போதாதென்று மேலே ஏறி உட்கார்ந்தான். அவள் கத்தவில்லை, குழந்தை முழித்துக்கொள்ளுமே என்று. அதே சேலையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், வேண்டுமென்றே.

ஒரு நாள் உலக்கையை எடுத்து அவன் தூங்கும்போது... மண்டை எப்படி உடையும்? திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி உடையுமா, தேங்காய் மாதிரியா? ஆனால் அவளால் ஆகாது, உலக்கையைத் தூக்க இரண்டு கை வேண்டும். அண்ணன் வந்தால் ஆகும். "ஏ மாதேவி, அங்கென்ன புள்ளே பராக்குப் பாக்கறே, வந்து உக்காரு, வளையக்காரன் காத்துக்கிட்டிருக்கான்" என்று பெண்ணின் அம்மா கௌரம்மா கூப்பிட்டாள். இது மாப்பிள்ளை வீட்டார் மைசூர் வழக்கம், கல்யாணத்துக்கு வந்த கட்டுக்கழுத்திகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பச்சை வளையல் போட்டுக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்று ஒருத்தி எழுந்து போனால் பெண்ணுக்கு ஆகாது. அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் வந்தாள், அண்ணன் பார்க்கிற இடத்தில் கையை நீட்ட வேண்டும் என்றுதான் வந்தாள், இப்போது பார்த்தால் அண்ணனைக் காணோம், கைதான் இருக்கிறது. எனக்கு இருக்குதுங் சின்னாத்தா, போன மாசந்தான் போட்டேன் என்றாள். "இருந்தா என்ன, இன்னும் நாலு போட்டாக் கையி முறிஞ்சா போயிரும்?" என்றாள் கௌரம்மா, பெண்கள் சிரித்தார்கள். வளையல்காரக் கிழவன் வாயில் புகையிலையோடு, "கை கொடி தாயி" என்று கன்னடத்தில் கேட்டான். வலது கையைக் கொடுத்தாள். விரல்களைக் குவித்து, பிசைந்து, சரசரவென்று ஏற்றிவிட்டான். இன்னொண்ணு என்றான். குழந்தை மேல் சாக்கு வைத்தாள், தலைப்பின் மேல் சாக்கு வைத்தாள், கௌரம்மாவுக்குப் பொறுக்கவில்லை, "கல்யாணப் பொண்ணே சும்மா நீட்டறா, உனக்கென்னடி வெக்கம்?" என்று தலைப்பை உருவி இழுத்துவிட்டாள். கத்தரிக்காய் நிறத்தில் மணிக்கட்டு பந்தலுக்கு நடுவில் கிடந்தது. கிழவன் தெரியாமல் அதைப் பிடித்துவிட்டான், பிடித்து அழுத்தியும் விட்டான், வளையல் நொறுங்க அவள் அலறினாள், பெட்டிக்குள் அடக்கி வைத்திருந்த அலறல் அது, மேளமே ஒரு தாளம் தப்பியது.

"என்னாச்சு அம்மிணி?" அண்ணன். எப்போது வந்தான்? தோளில் துண்டு, சட்டையெல்லாம் மோட்டார்ப் புழுதி, அப்படியே பெண்கள் வரிசைக்குள் புகுந்து எதிரே குந்திவிட்டான். அவள் கண் தன்னால் எதிர்ப்பக்கம் போனது. லிங்கப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தான், மடித்த வெற்றிலை கையில் அப்படியே. ஆயிற்று, இனி ஆகவேண்டியதுதான். அண்ணன் அவள் கையைத் தன் மடியில் வைத்துக் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தான், மாட்டுக்கால் பார்க்கிற மாதிரி. அவள் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவுருதானுங்ணா... பொட்டி மூடியில வெச்சு..." என்றாள். சொல்லிவிட்டாள். காது அடைத்துக்கொண்டது. இனி அவன் எழுவான், வாழை வெட்டியவனிடம் இருந்து கொடுவாளைப் பிடுங்குவான், ஜமக்காளம் நனையும், குழந்தை கண்ணை எந்தக் கையால் மூடுவது? அண்ணன் எழவில்லை. "எலும்பு முறியலே" என்றான் மெதுவாக. "நொச்சித்தளை வதக்கி ஒத்தடங் குடு, நாலு நாளையில வீக்கம் வாடீரும். கல்யாண ஊடு, இப்பிடியா கத்துவாங்க? தலைப்பை இளுத்து உட்டுக்க." அவள் அவனையே பார்த்தாள். "மாப்ளைக்குக் கொஞ்சம் கை நீட்டற பளக்கம், அதுக்கென்ன பண்றது, நீயும் வாயெ அடக்கோணும் புள்ளே. உங்கண்ணிக்கு ஆவாததா? அவளுக்கு நொச்சித்தளைதான் கேக்கும்." சொல்லிச் சிரித்தான், நல்ல சிரிப்பு, பாசமான சிரிப்பு, தலையைத் தடவிவிட்டு எழுந்து போனான், கெம்பையன் அவனைக் கைகழுவ அழைத்துக்கொண்டு போனார்.

நொச்சித்தழை... அண்ணி கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று, இடுப்புச் சுளுக்கு என்று, இருட்டில் நிலைப்படி இடித்தது என்று... எத்தனை தடவை வேலியோரம் போய் ஒடித்து வந்து, சட்டியில் போட்டு வதக்கி, சூடு ஆறாமல் துணியில் முடிந்து கொடுத்திருக்கிறாள், இவள்தானே, இந்தக் கையால்தானே. இப்படியா அண்ணி வழுக்கி வழுக்கி விழுவே, கண்ணு தெரியாதா என்று கேலி கூடப் பேசியிருக்கிறாள். அண்ணி ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா? அண்ணனைக் குறை சொன்னால் இவளே அண்ணியின் முடியைப் பிடித்து இழுத்திருப்பாள், நிச்சயம் இழுத்திருப்பாள். கிழவன் உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கித் துணியில் போட்டுக்கொண்டு அடுத்தவளிடம் நகர்ந்தான். கௌரம்மா, "மோட்டு வளையில எதாச்சும் எடுக்கப்போயி விளுந்திருப்பா" என்று யாருக்கோ அவளாகவே பதில் சொன்னாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களும் தழை ஒடித்தவர்கள்தானோ?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது எதிரே லிங்கப்பன் நின்றான். அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான், கேட்காமலே. மேல் உதட்டில் வியர்வை. "கை ரொம்ப வலிக்குதா?" என்றான். இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. "மச்சாங்கிட்ட என்னத்தெ சொன்னே?" என்றான், சொல்லும்போதே கண் கைகழுவுகிற பக்கம் போய்ப் போய் வந்தது. ஓ... அவனுக்குத் தெரியாது. அண்ணன் சிரித்தது இவளிடம், முதுகைத்தானே இவன் பார்த்தான், முதுகுக்கு என்ன தெரியும்? அவனுக்கு அண்ணன் இன்னும் வாய்க்கால் மடை அண்ணன்தான். மாதேவி அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள், இத்தனை வருசத்தில் இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. "சொல்லு மாதேவி, என்ன சொன்னே, தெரியாமப் பட்டதுன்னு சொன்னயா?" "எல்லாஞ் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அவன் குழந்தையை மார்போடு சேர்த்து முன்னால் பிடித்துக்கொண்டான், குழந்தையை மறைப்பாகப் பிடிக்கிறான், மறைப்பாக! அவளுக்குள் ஏதோ இளகி ஓடியது, வலி கூடக் கொஞ்சம் விட்டது, வெல்லப்பாகு மாதிரி தொண்டை வரைக்கும் ஒரு இனிப்பு. அந்தப் பக்கம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏ மாப்ளே!" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான், லிங்கப்பன் ஒரு அடி பின்னால் வைத்தான். வாயைத் திறந்துவிடாதே அண்ணா, கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்சம் நேரம் இவன் இப்படியே நிற்கட்டும்... இப்படியா இருக்கிறது இது? மூடி மேல் ஏறி உட்கார்ந்திருந்தபோது அவனுக்கும் இப்படித்தான் இனித்ததோ?