நாலாம் இடத்து அண்ணாச்சி

ஜவுளி எந்திரக் கண்காட்சி பார்க்கிறேன் என்று ஜப்பானுக்குப் போன வேல்சாமி அண்ணாச்சி, எந்திரம் எதுவும் வாங்காமல் பேஸ்பால் ஞானத்தோடு திரும்பி வந்தார். ஒசாகாவில் யாரோ சும்மா கொடுத்த டிக்கெட்டில் ஒரே ஒரு ஆட்டம் பார்த்திருந்தார். அதிலும் பாதி. சங்கரன்கோவிலில் அந்தப் பாதியைக்கூடப் பார்த்தவர் வேறு ஆள் இல்லை என்பதால் அண்ணாச்சியே நிபுணர் ஆனார்.

"ஜப்பான்ல நாலாவதா எறங்குதவன்தாம்லே ராசா. மொத மூணு பேரும் அவனுக்கு ரோடு போடுத ஆளுக. அஞ்சாவது ஆளு அவனுக்குக் காவல்."

நாலாவது யார் என்று ஊர்க் கிரிக்கெட் டீமில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருடைய சட்டை முதுகிலும் அண்ணாச்சியின் கடைப்பெயரும், அதற்கு மேல் கைகூப்பிய அண்ணாச்சியும் இருந்தார்கள்.

மாரிக்கண்ணன்தான் ஊரறிந்த முதல்தர ஆட்டக்காரன். அண்ணாச்சி கடையில் சட்டைப் பிரிவில் நிற்கிறவன். அவனைக் காவலுக்குப் போட்டார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பான். இன்று கடையநல்லூரோடு பைனல். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க ஜோஷ்வா சார் தென்காசியிலிருந்து வந்து பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வருடத்தோடு மாரிக்கண்ணனுக்கு வயது வரம்பு முடிகிறது. அவர் கண்ணில் இன்று பட்டால் உண்டு. இல்லையென்றால் காலம் முழுக்க நாற்பது சைஸ், நாற்பத்திரண்டு சைஸ்தான்.

ரோடு போடப் போனவர்களில் இரண்டு பேர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார்கள். அண்ணாச்சி இறங்கினார். ஹெல்மெட்டை மாட்டி, வயிற்றுக்குக் கீழே இறங்க மறுத்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மட்டையைத் தோளில் சாய்த்து, பேஸ்பால் பாணியில் நின்றார். முதல் பந்தே நேராக மேலே போனது. அடியில் நின்ற கடையநல்லூர்ப் பையன் அதை அல்வாத் துண்டு போலக் கையில் வாங்கி நழுவவிட்டான்.

மாரிக்கண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்றான். அடுத்த ஓவரில் இன்னொரு கேட்ச். அதுவும் கீழே விழுந்தது. அப்போதுதான் கடையநல்லூர் கேப்டன் முகம்மது ஆரிப் தன் ஆட்களிடம் சொன்னது காற்றில் கேட்டது.

"அண்ணாச்சிய யாரும் அவுட்டாக்கிராதீங்கப்பா. அவரு நிக்கட்டும். நம்ம பன்னெண்டாவது ஆளு அவருதான்."

அண்ணாச்சிக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. "பாத்தியாலே, நம்ம அடியோட வேகத்துல அவனுவ கை நடுங்குது" என்று எதிர்ப்பக்கம் நின்ற சுடலைமணியிடம் சொன்னார். ஒற்றை ரன்னுக்கு அவர் ஓடவில்லை. நாலாம் இடத்துக்காரன் ஓடுவது ஜப்பானில் கௌரவக் குறைவாம். ஓவரின் கடைசிப் பந்தில் மட்டும் ஓடினார். ஆகவே அடுத்த ஓவரும் அவருக்கே வந்தது. சுடலைமணி வேடிக்கை பார்த்தான்.

பந்தலில் ஜோஷ்வா சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு ஓவர்தான் பாக்கி. பதினாறு ரன் வேண்டும். மாரிக்கண்ணன் தண்ணீர்ப் பாட்டிலோடு உள்ளே ஓடினான். வாய் உலர்ந்திருந்தது அவனுக்குத்தான்.

"அண்ணாச்சி, அந்த ஒசாகா டீம் மேனேஜரு ஆட எறங்குத வரிசைய எப்பம் மாத்துனாருன்னு சொன்னீய?"

"ஒருத்தனும் நெனைக்காத நேரத்துலலே. நாலாவது ஆளையே தூக்கிட்டான். ஸ்டேடியமே வாயடைச்சுப் போச்சு."

"இப்பம் இங்கன யாராச்சும் நெனைக்குதாவளா?"

அண்ணாச்சி வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினார். "நாலாவது ஆளே நாந்தானலே."

"மேனேஜரும் நீங்கதான அண்ணாச்சி. தன்னையே தூக்குத துணிச்சல் ஜப்பான்காரனுக்குக்கூட வராது."

ஆரிப்புக்கு விஷயம் எட்டிவிட்டது. பதறாமல் பக்கத்தில் வந்தான். "என்ன அண்ணாச்சி, போறீங்களா? இப்பத்தான செட்டாயிருக்கீங்க. இனிமேதான் உங்க ஆட்டமே இருக்கு. எங்க பசங்க கிடுகிடுத்துப் போயி நிக்கானுவ."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. மட்டை மறுபடியும் தோளுக்கு ஏறியது.  புகழ்ச்சியில் ஆரிப் மாரிக்கண்ணனைவிட மூத்த வியாபாரி. பந்தலில் ஜோஷ்வா சார் எழுந்தே விட்டார்.

"சரி, ஆடுங்க அண்ணாச்சி," என்றான் மாரிக்கண்ணன். "நீங்க வெளிய வாரத நீங்களே அறிவிக்கணுமேன்னு பந்தல் மைக்க ஆன் பண்ணி வைக்கச் சொன்னேன். ஆப் பண்ணச் சொல்லிருதேன்."

மட்டை தோளிலிருந்து இறங்கியது. "மைக்கா?"

ரிட்டயர் ஆகிறேன் என்று அம்பயரிடம் கையைக் காட்டிவிட்டு அண்ணாச்சி நேரே மைக்குக்குப் போனார். "பெரியோர்களே, ஜப்பான் தேசத்திலே" என்று தொடங்கினார். ஜப்பான் ரயில், ஜப்பான் சுத்தம், ஜப்பான் கழிப்பறை என்று வரிசையாகக் கடந்து பேட்டிங் வரிசைக்கு வருவதற்குள் மாரிக்கண்ணன் நடுவில் ஸ்டம்புக்கு நேரே மட்டையால் கோடு போட்டு, கையுறையை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டிவிட்டான். எழுந்து நின்ற ஜோஷ்வா சார் கிளம்பவில்லை. கழிப்பறையிலிருந்து இந்த ஆள் கிரிக்கெட்டுக்கு எப்படி வரப்போகிறார் என்று பார்க்க அவருக்கும் ஆசை இருந்திருக்கும்.

கடைசி ஓவர். முதல் பந்து மட்டையில் படவில்லை. இரண்டாவதும் படவில்லை. ஆரிப் சிரித்தான். மூன்றாவது புளியமரத்துக்குப் போனது. நான்காவது தரையோடு எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஐந்தாவதில் இரண்டு ஓடினான். இரண்டாவது ரன்னில் விழுந்து புரண்டு, முழங்கை தோலுரிந்தது. கடைசிப் பந்தை எப்படி அடித்தான் என்று அவனுக்கே தெரியாது. பந்தலில் இருந்த நாற்காலிகள் விழுந்த சத்தத்தில்தான் நாலு போய்விட்டது தெரிந்தது.

ஜோஷ்வா சார் அவன் தோளைத் தட்டினார். "திங்கக்கிழமை தென்காசி வந்துரு தம்பி. நீ டீம்ல இருக்க."

மாரிக்கண்ணன் தலையாட்டினான். 

"ஆமா, டீமுக்காக தானே வெளிய வந்தேன்னு மைக்ல பேசுனாரே உங்க அண்ணாச்சி, ஆளு எப்படி? நம்ம மாவட்ட டீமுக்கு ஒரு மேனேஜர் இல்லாம கெடக்கு."

சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கனமான கை மாரிக்கண்ணனின் மற்ற தோளில் விழுந்தது.

"அங்கனயும் நீ அஞ்சுதாம்லே," என்றார் அண்ணாச்சி.

நாலாவது யார் என்று மாரிக்கண்ணன் கேட்கவில்லை. அண்ணாச்சி ஹெல்மெட்டை இன்னும் கழற்றாமல் இருந்தார்.