மூளிக்காது

ரயிலிலிருந்து இறங்கிய மூக்காண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவனுடைய அக்கா மகள் சங்கரி, "இது எங்க மாமா இல்ல" என்று சொன்னபோது சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நாலரை வயசுப் பிள்ளை, பிறந்ததிலிருந்து நேரில் பார்க்காத ஆளைப் பார்த்து வேறென்ன சொல்லும்? அவனும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கோமதித்தாய் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கன்னத்தைத் தொட்டு, "மெலிஞ்சிட்டியேல" என்றாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆடித் தபசு முடிந்து ஊர் பழையபடி அடங்கியிருந்த வாரம். மூக்காண்டி மாஸ்கோவில் இன்ஜினீயருக்குப் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் செட்டில் உருப்படியான ஒரே ஆள். ஸ்காலர்ஷிப்பில் போனவன், ஐந்து வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. வர முடியவில்லை. இந்தக் கோடை லீவில் பாதிக்கு மேல் அங்கேயே கட்டட வேலை பார்த்து, செங்கல் சுமந்து, விமான டிக்கெட் எடுத்திருந்தான். அப்படிப் பிடுங்கிக் கொண்டுவந்த லீவில் ஊரில் இருக்கக் கிடைத்தது ஒன்பதே நாள். பத்தாம் நாள், ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திரும்ப மெட்ராஸ் ரயில். அன்று காலையில் சங்கரிக்குக் காதுகுத்து.

அந்தக் காதுகுத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு வயசு, மிஞ்சிப் போனால் மூன்று வயசுக்குள் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுவார்கள். தாய்மாமன் இல்லாத வீட்டில் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ மாமனாக உட்கார்ந்துகொள்வான். அதில் தப்பில்லை. கோமதித்தாய்க்கும் அப்படி ஒருவன் இருந்தான், பெரியப்பா மகன் வேல்சாமி. நல்ல மனுஷன். கூப்பிட்ட குரலுக்கு வந்து உட்கார்ந்திருப்பான். ஆனால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "என் கூடப்பிறந்தவன் உசிரோட இருக்கான். அவன் வரட்டும்" என்று ஒரே பிடி.

அவளைக் கட்டிக்கொடுத்த இடம் ராயகிரி. மாமியார் வீட்டில் இதைச் சும்மா விடுவார்களா? ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் பேச்சு வந்தது. "மூளிக்காதோட பொம்பளப் பிள்ளைய வளக்காளே, இவ என்ன வீம்பு பிடிச்சவளா" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, மொட்டை போட்டு முடி வளர்ந்துகொண்டிருந்த நேரம், வாத்தியார் பாவாடையைக் கவனிக்காமல் காதைப் பார்த்து, "பயலுக்கு என்ன பேரு?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் புருஷன் ராமசுப்புவே கோபப்பட்டான். அக்கா எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பிடியையும் விடவில்லை. அம்மா செத்துப்போனபோது மூக்காண்டிக்கு ஆறு வயசு, அவளுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, சிலேட்டைத் துடைத்துக் கொடுத்து அனுப்பியவள். அவளுடைய அந்த வீம்பு என்ன ரகம் என்று எங்களுக்குத் தெரியும். சொந்தமாக எதுவுமே கேட்காதவள் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். எனக்கு அவள் மேல் அப்போதும் மரியாதை, இப்போதும் மரியாதை.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. நான் ஜெயசிங். தெற்கு ரத வீதியில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிற கடை. நான் கிறிஸ்தவன்; வேதக்காரன் கடையில் கோமதியம்மன் படமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், உள்ளூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். மூக்காண்டி போன மறு வருஷம் ஒரு போட்டோ அனுப்பினான். கறுப்பு ஓவர்கோட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான், தலையில் காதை மூடுகிற ரோமத் தொப்பி, சுற்றிலும் பனி. ஆளில் பாக்கி தெரிவது கண்ணும் மூக்கும்தான். நான்தான் உற்சாகம் தாங்காமல் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, அக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தேன். அது ராயகிரி வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. சங்கரி பேசத் தொடங்கியதே அதைப் பார்த்துத்தான். "மாமாவுக்கு ஒரு வாய்" என்று சோற்றுருண்டையைப் படத்துக்குக் காட்டிவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாளாம். கேட்கும்போதெல்லாம் எனக்கு என் சட்டத்தைப் பற்றிப் பெருமையாக இருக்கும். என்ன வினையைச் செய்து வைத்திருக்கிறோம் என்று தெரியாது.

ஒன்பது நாளும் அவனை நாங்கள் வீட்டில் இருக்கவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பனவடலிசத்திரத்தில் எங்கள் செட்டு துரைப்பாண்டியின் தோட்டத்துக் கிணற்றில் போய் விழுந்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்ப்செட் மேட்டிலிருந்து அவன் குதித்ததைப் பார்த்தால் ஐந்து வருஷம் பனியில் கிடந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. 'அங்கன', 'இங்கன' என்று அப்படியே பேசினான். ரஷ்யா எப்படி என்று கேட்டால், "அங்கயும் சனங்க ரேஷன் கடையில வரிசையில நிக்கத்தான் செய்யுதாவ" என்பான். அதற்கு மேல் பெருமை பேச மாட்டான்.

அவன் பெட்டியைத் திறந்தபோது அந்தக் கோட்டும் தொப்பியும் உள்ளே இருந்தன. அக்காவுக்கு வாங்கிய பீங்கான் டீ செட்டு உடையாமல் இருக்க அந்தக் கோட்டில் சுற்றி, சர்க்கரைக் கிண்ணத்தைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். துரைப்பாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏலே மூக்காண்டி, ஒரு வாட்டி போட்டுக்கிட்டு வால. ரத வீதிய ஒரு சுத்து சுத்துவோம். ஊரு பாக்கட்டும்."

"நான் என்ன பொருட்காட்சியில வச்ச சாமானால?" என்றான் மூக்காண்டி. "இந்த வெயில்ல அதப் போட்டுக்கிட்டு நடந்தா மென்டல்னு சொல்லுவாவ."

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவனுக்கு அது உண்மையிலேயே பிடிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ரஷ்ய மொழியில் ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டது, எதிர்த்த வீட்டுக்காரர் அவன் கையைத் தொட்டுப் பார்த்தது எல்லாம் அவனைக் கூசச் செய்தது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

இடையில் மூன்று தடவை ராயகிரிக்குப் போய் வந்தான். மூன்று தடவையும் என் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அந்த வெயிலில் மிதித்தான். முதல் தடவை சாக்லேட்டு, இரண்டாவது தடவை தலையாட்டுகிற மரப் பொம்மை. சங்கரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, உள்ளே ஓடிப்போய், "அம்மா, அந்த அண்ணாச்சி வந்திருக்காவ" என்றாள். மூன்றாவது தடவை போய்விட்டு வந்தவன் கடையில் வந்து உட்கார்ந்தான். நான் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சின்னு கூப்பிடுதால" என்றான். "மளிகைக் கடைக்காரரக் கூப்பிடுத மாதிரி."

நான் சிரித்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"அக்கா வெளிய காட்டிக்கிட மாட்டா" என்றான். "ஆனா பயப்படுதா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்நிதியில் அர்ச்சனை முடித்துவிட்டு எல்லோரும் கோயிலுக்கு மேற்கே இருக்கிற அவர்கள் சமுதாய மடத்தில் கூடினார்கள். தகரக் கூரை போட்ட மடம், ஒன்பது மணிக்கே உள்ளே அனல் அடித்தது. முகூர்த்தம் பத்தரைக்குள். அவன் அப்பா பரமசிவன் தாம்பாளத்தில் பாவாடை, வளையல், பூ, பழம், தங்கக் கம்மல் எல்லாம் வைத்து மாமன் சீரைக் கொண்டுவந்து இறக்கினார். ஆசாரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, சந்தனத்தைத் தொட்டுப் பிள்ளையின் காதில் குறி வைக்கத் தயாராக இருந்தார். மூக்காண்டி பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மணையில் உட்கார்ந்தான். அக்கா பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

நான் எத்தனையோ காதுகுத்துப் பார்த்திருக்கிறேன். ஊசியைப் பார்த்து அலறாத பிள்ளை கிடையாது. இது ஊசியைப் பார்க்கும் முன்னாலேயே அலறியது. உடம்பை வில்லாக வளைத்து, காலால் உதைத்து, அவன் கையைக் கடித்து இறங்கி ஓடியது. பிடித்துவந்து வைத்தார்கள். மறுபடியும் ஓடியது. இப்படி மூன்று தடவை. பிள்ளைக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. அக்காவின் மாமியார் எழுந்து வந்தார்.

"ஏட்டி கோமதி, பிள்ளைக்குத் தொண்டத் தண்ணி வத்திட்டு. நேரமும் போவுது. அவளுக்குப் பழகுன மடியில வச்சிக் குத்துவோம். வேல்சாமி, இங்கன வந்து உக்காரும்யா. நீரும் மாமன்தான்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேல்சாமி தயங்கித் தயங்கி எழுந்தான். மூக்காண்டி மணையிலிருந்து எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அக்காவைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்படி ஒரு முகத்தோடு அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் குனிந்து பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்ட்டி இப்படிச் செய்யுத? ஒங்க மாமாட்டி. தினம் சோறு காட்டுவியே, அந்த மாமாட்டி."

"இல்ல!" என்று கத்தியது பிள்ளை. "எங்க மாமா கோட்டு போட்ட மாமா! இது வேற யாரோ!"

மடத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். நான் போட்ட தேக்குச் சட்டம் கண் முன்னால் வந்து நின்றது. பாவம், அந்தப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை, தன் மாமனுக்கு நேர்மையாக இருந்திருக்கிறது. அவருக்கென்று வைத்த காதை வழியில் போகிற யாருக்கோ எப்படிக் கொடுக்கும்?

மூக்காண்டி எழுந்தான். "ஏலே ஜெயசிங், சைக்கிள எடு."

"நேரம் ஆவுது தம்பி" என்றார் மாமியார்.

"அஞ்சு வருசம் பொறுத்தாச்சு அத்தை" என்றாள் கோமதித்தாய். "இன்னும் கால் மணி நேரம் பொறுங்க."

நான் மிதித்த மிதியில் செயின் கழலாமல் இருந்ததே பெரிய விஷயம். வீட்டுக்குள் ஓடியவன் வெளியே வந்தபோது எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. கோட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான், காதை மூடிய தொப்பி, எல்லாம் படத்தில் உள்ளபடி. கீழே வேட்டி. கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டு, "சந்து வழியா போவாத, தூரம். ரத வீதியிலயே போ" என்றான். ஒன்பது நாளாக நாங்கள் கெஞ்சியும் மாட்டேன் என்றவன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சந்தை மாதிரி இருந்தது ரத வீதி. பூக்காரிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டின. "ஏ, கரடி வேசம் போட்டு எவனோ வாரான்வே!" என்று ஒரு குரல். சிரிப்பு எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் தலையைக் குனியவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மாஸ்கோவில் படித்ததற்காக அவனை ஊர் மெச்சியது. நான் அவனை மெச்சியது அந்த ஐந்து நிமிஷத்துக்காக.

மடத்து வாசலில் இறங்கி அவன் உள்ளே நுழைந்தான். அப்பத்தாவின் இடுப்பில் விம்மிக்கொண்டிருந்த சங்கரி நிமிர்ந்தாள். பார்த்தாள். சறுக்கிக் கீழே இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. அவளாக நடந்து போய், மணையில் உட்கார்ந்தவனின் மடியில் ஏறி, கோட்டுப் பொத்தானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?" என்று கேட்டாள்.

அவன் அவளை இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டான். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேல்சாமி, தனக்கென்று எடுத்து வந்த புதுத் துண்டை உதறி, மூக்காண்டியின் பின்னால் நின்று விசிற ஆரம்பித்தான். மனுஷன் என்றால் அவனும் மனுஷன்தான்.

"நேரம் இருக்கு" என்றார் ஆசாரி. சந்தனத்தைத் தொட்டு வைத்தார். வலது காதைப் பிடித்தார். கண் மூடித் திறப்பதற்குள் ஊசி இறங்கியது. சங்கரி வீறிட்டாள். கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஓடவில்லை. அவளைக் கட்டிப் பிடித்திருந்த மூக்காண்டி அழுதான். சின்ன அழுகையில்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட அழாதவன், அத்தனை பேர் முன்னாலும் தோள் குலுங்க அழுதான்.

சத்தம் கேட்டுப் பிள்ளை தன் அழுகையை நிறுத்திவிட்டு அவனை அண்ணாந்து பார்த்தது. ரோமத் தொப்பிக்குக் கீழே வழிந்ததைத் தன் புதுப் பாவாடையின் நுனியால் துடைத்தது.

"அழாத மாமா" என்றது. "இன்னும் ஒரு காதுதான்."

சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பி, இடது காதை ஆசாரிக்குக் காட்டியது.