எழுநூற்று முப்பது நாள்

“அந்த முடிச்ச அவுத்து என் பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுங்கத்த.”

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உரக்க வந்துவிட்டது என்று யுவஸ்ரீக்குத் தெரிந்தது. வாசலில் மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்தா வாயைத் திறக்க வேண்டும்? ஐஸ் பெட்டியின் உறுமலைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. பெட்டிக்குள் மாமனார் ஜெகநாதன் தாடைக்கட்டோடு படுத்திருந்தார். தலைமாட்டில் மாமியார் கன்னியம்மாள், நெற்றி நிறையக் குங்குமமும் தலைகொள்ளாத பூவுமாக உட்கார்ந்திருந்தார். பூ வைத்துவிட்டது நாத்தனார் அனுராதா. இனி வைப்பதற்கில்லை என்று இரண்டு முழம் கூடுதலாகவே வைத்திருந்தாள்.

கன்னியம்மாள் நிமிரவில்லை. நிமிர்ந்தது அனுராதாதான்.

“இன்னாடி கேட்ட?”

“உங்கள கேக்கல அண்ணி. அத்தைய கேட்டேன்.”

“எங்க நைனா இன்னும் வூட்ட வுட்டே போவல. ஒனக்கு சாமி முடிச்ச அவுக்கணுமா? படிச்ச திமிரு.”

படித்த திமிர்தான். அம்மையார்குப்பத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி, பி.எஸ்ஸி. நர்சிங். அந்தத் திமிர் நான்கு வருஷமாக எந்த மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது என்றுதான் அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம்.

கல்யாணமானதும் சந்திரமோகனோடு கனடா போனவள். அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையோடு போனவள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து, பனியில் வழுக்காமல் நடக்கவும் பழகியிருந்தாள். பதின்மூன்றாவது மாதம் திருத்தணியிலிருந்து போன் வந்தது. மாமனாருக்குப் பக்கவாதம். “மூணு மாசம் நைனாவப் பாத்துக்கினு வந்துடு யுவா, நீ நர்ஸு, உனக்கு இதெல்லாம் கைவந்தது” என்று சந்திரமோகன் டிக்கெட் போட்டான்.

அவள் வந்திறங்கிய வாரமே கன்னியம்மாள் சாமிக்கு முடிந்து வைத்தார். மஞ்சள் துணியில் ஒரு விரலி மஞ்சள், கொஞ்சம் விபூதி, ஒற்றை ரூபாய். மனுஷன் தன் காலால் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி மலைக்கு வரவேண்டும், அன்றைக்குத்தான் அவிழ்ப்பது என்று வேண்டுதல். “ஒன் பாஸ்போட்டயும் குடும்மா. சாமிகிட்ட கெடந்தா நீ திரும்பிப் போற நாளும் நல்லபடியா வரும்” என்றார்.

கொடுத்தது யார்? அவளேதான். இரண்டு கையாலும் கொடுத்தாள், கண்ணில் ஒற்றி வேறு கொடுத்தாள்.

நான்காவது மாதம், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்கப்போவதாகக் கணவனிடம் சொன்னபோது அவன் பதறினான். “அம்மாகிட்ட அத மட்டும் கேட்டுடாத. அவங்க உசுரே அந்த முடிச்சுலதான் கீது.” முடிந்த கைதான் அவிழ்க்க வேண்டும் என்பது அந்த வீட்டு முறை. வேறு கை அவிழ்த்தால் அவிழ்த்தவளின் தாலிக்கு ஆகாது. கேட்டதும் யுவஸ்ரீ சிரித்தாள். சிரித்தவளின் கை அன்றைக்கு ராத்திரி தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அலமாரிக்குப் பூட்டே கிடையாது. கண்ணாடிக் கதவு, உள்ளே முருகன் படம், படத்தின் கீழே முடிச்சு. நான்கு வருஷமும் தினமும் அதன் முன்னால்தான் விளக்கேற்றினாள்.

அந்த நாட்டின் சட்டம் ஒன்றும் சிக்கலானதில்லை. ஐந்து வருஷத்தில் எழுநூற்று முப்பது நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அவள் கணக்கில் நானூற்று இரண்டு. கையிலிருந்த குடியிருப்பு அட்டை போன மார்கழியில் காலாவதியாகிவிட்டது. உரிமை இன்னும் போகவில்லை. அதிகாரி முடிவு எழுதும்வரை அவள் அந்த நாட்டில் குடியிருப்பவள்தான். ஆனால் அதை நிரூபிக்கத் தாள் இல்லாமல் எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை, இரக்கம் காட்ட என்ன காரணம், ஆதாரத்தோடு எழுது என்றது அந்தத் தாளுக்கான விண்ணப்பம்.

யாருக்கும் தெரியாமல், மாமனாருக்கு மூத்திரப்பை மாற்றிய இடைவெளிகளில், போனிலேயே எழுதினாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் ‘உடனிருப்பவர்’ என்ற இடத்தில் இருந்த தன் கையெழுத்துகளைப் படமெடுத்து அனுப்பினாள். படுக்கைப்புண்ணைக்கூடப் படமெடுத்தாள். கடைசியில் மாமனாரே சொல்வதுபோல ஒரு கடிதம்: ‘என் மருமகளை எங்கள் தேவைக்காக நாங்கள்தான் இங்கே நிறுத்திவைத்தோம்.’

பக்கவாதத்துக்குப் பிறகு ஜெகநாதனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். ஆங். தண்ணி வேணுமா மாமா? ஆங். வலிக்குதா? ஆங். ஜன்னல மூடட்டா? ஆங். கடிதத்தைப் படித்துக்காட்டி, “மாமா, நான் போவட்டுமா?” என்று கேட்டாள். ரொம்ப நேரம் அவளையே பார்த்தார். “ஆங்” என்றார். கட்டைவிரலில் மை தடவி ஒற்றினாள். அது சம்மதமா, வழக்கமான ஆங்கா? இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதுமில்லை.

விண்ணப்பத்துக்குப் பதில் மெயில் வந்து இருபத்தொன்பது நாளாகிவிட்டது. முப்பது நாளுக்குள் அசல் பாஸ்போர்ட் சென்னை விசா அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும், தவறினால் விண்ணப்பம் மூடப்படும். முடிவு என்ன என்று அதில் ஒரு வரியும் இல்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருபத்தொன்பது நாளும் அலமாரி முன்னால் நின்றாள். இதற்கிடையில் மாமனாருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இன்று விடியற்காலை நின்றுபோனது. முப்பதாவது நாள் நாளை.

“இன்னா சத்தம் இங்க?” என்று உள்ளே வந்தார் மாமனாரின் தம்பி சின்னசாமி. தோளில் ஈரத்துண்டு. மகன் ஊரில் இல்லாததால் கொள்ளி அவர்தான் வைக்க வேண்டும்.

அனுராதா சொன்னாள். அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னார்.

“தபாரும்மா. பதினாறு நாளு தீட்டு. சாமி அலமாரிய யாரும் தொடப்படாது. அதுக்கப்புறமும் வருசம் திரும்பாம நம்ம வூட்டு ஆளுங்க மல ஏறப்படாது. வருசம் முடிஞ்சதும் அப்டியே கொண்டும்போயி உண்டியல்ல போட்டுடுவோம். வேண்டுதலு பலிக்கல இல்ல, அதான் மொற.”

“உண்டியல்லயா? பாஸ்போர்ட்டோடவா சின்ன மாமா?”

“சாமிக்கு முடிஞ்சது சாமிக்குத்தான்.”

“முருகரு மயில வெச்சினுகீறாரு, அவுருக்கு எதுக்கு பாஸ்போட்டு?” என்றாள் எதிர்வீட்டு அம்சா. இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் நிறுத்துவது கஷ்டம். ஒருத்தி அதை அழுகையாக மாற்றி, “எங்கண்ணா, எங்கள வுட்டுட்டுப் போனியே” என்று ஆரம்பித்தாள்.

டம்ளரில் சாய்த்துவைத்திருந்த அனுராதாவின் போனில் சந்திரமோகன் வீடியோவில் இருந்தான். அங்கே விடியாத நேரம். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தான். “அக்கா, போன யுவாகிட்ட குடு” என்றான்.

போனை எடுத்துக்கொண்டு யுவஸ்ரீ பின்கட்டுக்குப் போனாள். வெயிலில் காயப்போட்டிருந்த தண்ணீர்ப் படுக்கை, இரவெல்லாம் அவர் படுத்திருந்தது, தண்ணீர் வடிந்து சுருங்கிக் கிடந்தது.

“இப்ப போயி இத ஆரம்பிக்கலாமா யுவா? பதினாறு முடியட்டும். திரும்ப அப்ளை பண்ணிக்கலாம்.”

“எதுக்கு திரும்ப அப்ளை?”

அவன் பார்வை திரையிலிருந்து விலகியது.

“நான் அப்ளை பண்ணது உனக்கு யாரு சொன்னா?”

“நீ இங்க வெச்சிட்டுப் போன டேப்லெட்டுல உன் மெயில் ஓபன்லதான கீது.”

பின்கட்டின் சிமெண்டுத் தரை கொதித்தது. அவள் கால் மாற்றாமல் நின்றாள். இருபத்தொன்பது நாள். தினமும் சாயங்காலம் போன் செய்து, நைனா சாப்ட்டாரா, அம்மா மாத்திரை போட்டாங்களா என்று கேட்டவன். நாள் எண்ணியது அவள் மட்டுமில்லை.

“நாளைக்குக் கடைசி. தெரியுமா?”

“தெரியும். அம்மாவ யாரு பாத்துப்பா, நீயே சொல்லு” என்றான்.

கெட்டவனாகக் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். அவன் மெதுவாக, நியாயமாகக் கேட்டான். அப்பா செத்த துக்கத்தில் கண் சிவந்திருந்தது, அதுவும் பொய்யில்லை. இந்த மனிதன் கட்டிய தாலிக்கு ஆகாது என்றுதான் நான்கு வருஷம் ஒரு துணி முடிச்சைத் தொடப் பயந்தாள். போனை அனுராதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மேளம் மறுபடி எழுந்தது. பெட்டியிலிருந்து அவரைத் தூக்கி வாசல் பெஞ்சில் கிடத்தினார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைக்கப் பெண்கள் வரிசையாகப் போனார்கள். யுவஸ்ரீ முறை வந்தபோது பழக்கத்தில் கை அவர் முதுகுக்கடியில் போனது, புண் பெஞ்சில் உரசாமல் இருக்க. “இன்னாம்மா பண்ற, தலையில வெய்யி” என்றார் சின்னசாமி. வைத்தாள். நெற்றி ஐஸாக இருந்தது. அவர் கட்டைவிரல் நகக்கண்ணில் இன்னும் நீல மை இருந்தது. ஒன்றரை மாதம் தேய்த்தும் போகாத மை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அந்தக் கையைத் துணிக்குள் தள்ளினாள். பிறகு மெல்ல வெளியே எடுத்து, மேலேயே வைத்தாள்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். தெருமுனை வரை போய் நின்று, பெண்கள் திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட வேண்டும். அனுராதா குடம்குடமாகக் கொட்டினாள். யுவஸ்ரீ துடைப்பத்தால் தள்ளினாள். பூவும் அரிசியும் ஐஸ் பெட்டித் தண்ணீரும் சேர்ந்து வாசல்படி இறங்கி ஓடின. ஒவ்வொருவராகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் பின்கட்டுக்குப் போனார்கள். முதலில் குளித்துவிட்டு வந்தது கன்னியம்மாள். கூடத்துச் சுவரோரம் ஈரத்தலையோடு உட்கார்ந்தார். அடுத்து யுவஸ்ரீ. அனுராதா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நாளைக் காலை முதல் ரயிலுக்குப் போகலாம் என்று காலையில் நினைத்திருந்தாள். ஆனால் விடிந்ததும் பால் தெளிக்கப் போக வேண்டும். மூத்த மருமகள், ஒரே மருமகள், சொம்பு அவள் கையில்தான் இருக்கும். சொம்பைக் கையில் வாங்கிவிட்டால் பிறகு பதினாறு. பிறகு வருஷம். இன்று ராத்திரி இந்த வீட்டில் படுத்தால் எழுந்திருக்கவே முடியாது. இப்போது கிளம்பினால் சென்னையில் கூடப் படித்தவள் வீட்டுக்கு ஒன்பதுக்குள் போய்விடலாம்.

அலமாரிக் கண்ணாடிமேல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். விலக்கினாள். கதவு கிறீச்சிட்டது.

“யுவா.”

திரும்பவில்லை. திரும்பினால் கை பின்வாங்கிவிடும்.

“நீ கேக்கவே மாட்டன்னு நெனச்சேன்” என்றார் கன்னியம்மாள். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. “அவுத்துடாதடி. எனக்குப் பயமா கீது.”

“எனக்கும்தான் அத்த.”

முடிச்சை எடுத்தாள். நான்கு வருஷ எண்ணெய்ப் பிசுக்கில் துணி விறைத்துக் கல்லாகியிருந்தது. விரலால் அழுத்தினாள். மஞ்சள், ரூபாய், அதற்கடியில் கெட்டி அட்டையின் முனை. நகத்தை மடிப்பில் வைத்தாள். எடுத்துவிட்டாள். இந்தப் படிப்பெல்லாம் படித்து, ஊசி போட்டு, பிணம் கழுவி, ஒரு துணியை அவிழ்க்க முடியவில்லை. நாளைக்கு அந்த அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்டால் அவர்கள் முன்னால் அவிழ்த்துக்கொள்ளலாம். இல்லை, கத்தரிக்கோல் வாங்கிக்கொள்ளலாம். அப்படியே பையில் வைத்தாள். சான்றிதழ்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ஒரு மாற்றுப் புடவை. அந்தப் பை இருபத்தொன்பது நாளாகக் கட்டிலடியில் தயாராகத்தான் இருந்தது.

கூடத்தைத் தாண்டும்போது கன்னியம்மாள் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“தல ஈரமா கீது. தொவட்டிக்கினு போ.”

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. யுவஸ்ரீ துவட்டவில்லை. வாசலில் கழுவிவிட்ட தண்ணீர் இன்னும் காயாமல் இருந்தது. அதை மிதித்துத் தெருவில் இறங்கினாள்.

தெரு திரும்புமிடத்தில், சுடுகாட்டிலிருந்து ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக முன்னால் சின்னசாமி. மலைமேல் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவள் ஒதுங்கி நிற்காமல் நடுத்தெருவில் எதிரே நடந்தாள்.

“பையத் தூக்கினு எங்கம்மா கெளம்பிட்ட? கடைக்கா?”

“ஆங்.”

“வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவ இல்ல?”

“ஆங்” என்றாள் யுவஸ்ரீ. கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் பின்னாலேயே தெருப் புழுதியில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டு போனது, ரயிலடிப் பக்கமாக.