கேட்டருகே இரண்டு இழுப்பு

எங்கள் மருத்துவமனையில் மூச்சளக்கும் கருவியைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான். முதலில் ஒரு முறை ஊத வைப்பேன். பிறகு பம்பில் நாலு இழுப்பு மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைப்பேன். மூச்சு கூடினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். கூடாதவர்களுக்கு இனி பம்பு கிடையாது என்று தலைநகரிலிருந்து வரும் டாக்டர் பாஃபோலி இரண்டு மாதம் முன்பு விதி போட்டார். தட்டுப்பாடாம்.

மொலெலேக்கி தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் தூசி தின்றவர். முதல் ஊதல் ஒன்று புள்ளி முப்பது லிட்டர். மருந்துக்குப் பிறகு ஒன்று முப்பத்திரண்டு. டாக்டர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"மருந்து வேல செய்யல. பேர அடிச்சிருங்க."

பெரியவர் முகம் செத்துப்போனது. "அது இல்லாம வீட்டு மேடு ஏற முடியாதும்மா."

எனக்குச் சந்தேகம் தட்டியது. "காலையில பம்பு அடிச்சீங்களா? கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"வீட்ல அடிக்கல. கேட்டு வாசல்லதான் ரெண்டு இழுப்பு."

"எதுக்கு?"

"இத்தன பேரு உக்காந்திருக்காங்க. மூச்சு வாங்கிக்கிட்டு எப்படி நலம் விசாரிக்கிறது? ஒரு வார்த்த கேக்காம ஆடு மாதிரி உள்ள நுழையச் சொல்றியா?"

மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு ஊதினால் முதல் அளவே ஏறித்தான் நிற்கும். அதற்குமேல் எங்கே கூடும்? பெரியவர்மேல் கோபம் வந்தது, டாக்டர்மேல் அதைவிட வந்தது. அவரும் இந்த மலைநாட்டுக்காரர்தானே, நலம் விசாரிக்காமல் இங்கே யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள் என்று தெரியாதா?

"ஆறு மணி நேரம் போகட்டும். மறுபடி ஊதச் சொல்றேன்."

"எனக்கு ஒரு மணிக்கு வண்டி," என்றார் டாக்டர்.

"அப்ப ஊதின தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன், அது இல்லாம பேர அடிக்க முடியாது. அந்தத் தாள வச்சு டீ கப்பத் தொடச்சுக்குங்க."

வண்டி காத்திருந்தது. மூன்று மணிக்கு மொலெலேக்கி கண் பிதுங்க ஊதினார். புள்ளி தொண்ணூற்றெட்டுதான், ஒரு லிட்டர்கூட இல்லை. மருந்து கொடுத்த பிறகு ஒன்று முப்பத்தொன்று. டாக்டர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அடித்த பெயரை மறுபடி எழுதினார். பெரியவர் புதுப் பம்பைக் கம்பளிக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டு மாதத்தில் சிவப்பில் அடித்த பெயர்கள் பதினேழு. அவர்களும் அதே கேட்டு வழியாகத்தான் வந்தார்கள், ஒவ்வொருவரும் என் பிள்ளைகளைக்கூட விசாரித்துவிட்டுத்தான் ஊத உட்கார்ந்தார்கள். அவ்வளவு பேச மூச்சு எங்கிருந்து வந்தது என்று ஒருவரிடமாவது கேட்டேனா? பதினேழு தாளிலும் என் கையெழுத்து, அழகாக, கோணாமல்.

ஆறாவது பெயர் லெபாஜோவா. போன சனிக்கிழமை அவருடைய அடக்கத்துக்குப் போய், வரிசையில் நின்று கறியும் சோளமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.