துப்பாமல் விட்ட தேநீர்

தேயிலைக் கம்பெனியின் சுவை பார்க்கும் அறையில் அவளுக்கு 'நாக்கு' என்று பட்டப்பெயர். வேலை எளிது. நீள மேசையில் வரிசையாக அறுபது கிண்ணங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கரண்டி எடுத்து, ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். வாய்க்குள் ஒரு சுற்று சுழற்றிவிட்டுப் பக்கத்துத் தொட்டியில் துப்ப வேண்டும். வீட்டில் செய்தால் முதுகில் விழும். இங்கே மாதச் சம்பளம். விழுங்கக் கூடாது. விழுங்குகிறவர்களுக்கு வேறு பெயர் உண்டு: வாடிக்கையாளர்.

நான்கு மாதமாக அவள் வாடிக்கையாளராகத்தான் இருந்தாள்.

குழந்தை உண்டானது தெரிந்த அன்றே கணவன் வீட்டிலிருந்த தேயிலை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். எங்கோ பாதி படித்த பக்கம் அவன் தலைக்கு ஏறியிருந்தது. இனி டீயே கூடாது என்றான். அவளும் பெரிய மனதோடு தலையாட்டினாள். சம்மதித்தது தலை மட்டும். தொண்டையை யாரும் கேட்கவில்லை. மறுநாள் மேசையில் அருமையாக ஒன்று வந்தது. துப்புவதற்கு வாயைக் குவித்தாள், அது உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து நல்லதெல்லாம் வயிற்றுக்கு, மட்டமானது தொட்டிக்கு.

இதற்கிடையில் கணவன் அவளை உதாரணப் பெண்ணாக்கிவிட்டான். "எங்க அக்கா நம்பவே மாட்டேங்கறா! டீக் கம்பெனியில இருந்துக்கிட்டு ஒரு சொட்டு உள்ள விடலைன்னா சும்மாவா?" நாத்தனார் போனிலேயே கண் கலங்கினாராம். அவள் பாத்திரம் தேய்ப்பதில் மும்முரமானாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

ஐந்தாம் மாதப் பரிசோதனையில் டாக்டரம்மா கேட்டார்: "டீ, காபி எவ்வளவு?"

"சொட்டு கூட இல்ல டாக்டர்," என்றான் கணவன், பிள்ளை முதல் மார்க் வாங்கிய அப்பாவின் முகத்தோடு.

"அவ்வளவு கஷ்டப்படச் சொன்னது யாரு? ஒரு நாளைக்கு இருநூறு மில்லிகிராம் காஃபீன் தாண்டாம இருந்தாப் போதும். ரெண்டு கப் டீ தாராளமாக் குடிக்கலாம். ஆனா காபி, கோலா, சாக்லேட் எல்லாம் அதே கணக்குலதான் வரும். கிரீன் டீயிலயும் காஃபீன் இருக்கு. சாப்பாட்டோட குடிக்காதீங்க, இரும்புச் சத்து உடம்புல சேராது." ஸ்கேன் தாளைத் திருப்பினார். "குழந்தை கொஞ்சம் சின்னதாத் தெரியுது. காஃபீன் ரொம்ப அதிகமானா எடை குறையும், நீங்கதான் தொடவே இல்லையே. வேற காரணம் பார்க்கலாம்."

இல்லாத காரணத்தைத் தேட டாக்டர் மூன்று பரிசோதனைகள் எழுதினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாளைக்கு இருநூறு முறைக்கு மேல் திறக்கிற வாய், அன்றைக்கு மட்டும் திறக்கவில்லை.

மறுநாள் காலை, இன்றோடு விட்டுவிடுவது என்று உட்கார்ந்தாள். ஏழாவது கிண்ணத்தில் விழுங்கினாள். பிறகு எண்ணவில்லை. கடைசிக் கிண்ணம் முடிந்ததும் தொட்டியைத் தள்ளிக்கொண்டு 'பெரிய நாக்கு' எனப்படும் மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், இதை அளக்கணும்."

"எச்சிலையா?"

"நான் எல்லாத்தையும் துப்புறதில்ல சார். எவ்வளவு துப்பலைன்னு தெரிஞ்சாகணும். டாக்டர்கிட்ட சொல்லணும்."

முப்பது வருட சர்வீஸில் அவர் அளக்காத ஒரே திரவம் அதுதான். அளவு ஜாடி, புனல் எல்லாம் எடுத்தார். அறை முழுக்க வேடிக்கை பார்த்தது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரிலிருந்த ஓர் ஆணியைப் பார்த்தாள்.

"நூத்தி இருபது கரண்டி, கரண்டிக்குப் பத்து மில்லி. ஆயிரத்து இருநூறு இருக்கணும். எண்ணூறுதான் இருக்கு, நானூறு உள்ள போயிருக்கு. நம்ம டிகாஷன் ரெண்டு மடங்கு கெட்டி, வீட்டு டீக் கணக்குல எண்ணூறு மில்லி, ஆக நாலு கப். இது காலை ரவுண்டு மட்டும், மத்தியான ரவுண்டையும் சேர்த்தா எட்டு." கண்ணாடியைக் கழற்றினார். "எதையெல்லாம் விழுங்கினே?"

"நல்லதை மட்டும் சார்."

"நாக்குல கோளாறு இல்ல." ஜாடியைக் குப்பையில் போட்டார். "பிள்ளை பெத்து வர்ற வரைக்கும் பேக்கிங் பிரிவுக்குப் போம்மா."

சாயங்காலம் கணவனையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். வழியில் சொல்ல நினைத்தாள். பேருந்தில் கூட்டம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைசியில் அவனுக்கும் டாக்டருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது.

"அவர் சொன்னது அவருக்குத் தெரிஞ்சது டாக்டர். நான் ஒரு நாளைக்கு எட்டு கப்."

டாக்டர் பழைய தாளில் 'இல்லை' என்பதை அடித்து எட்டு என்று எழுதினார். "இதனாலதான்னு இப்பவே சொல்ல முடியாது. ரெண்டு கப்புக்குக் கொண்டு வாங்க, ரெண்டு வாரத்துல மறுபடி ஸ்கேன். முதல்லயே சொல்லியிருந்தா அலைச்சல் மிச்சம்."

மாடிப்படியில் கணவன் கேட்டான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் உங்க அக்காகிட்ட சொல்லிட்டீங்களே."

அவன் கையை நீட்டினான். பிடித்தால் முகத்தையும் பார்க்க வேண்டிவரும். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.