அறுபத்தோராவது ஆட்டம்

ஒரு கோல்கூட விடாமல் ஓரெஸ்ட் முடித்த ஆட்டங்கள் அறுபது. இன்னும் ஒன்று முடித்தால் எங்கள் ஐஸ் ஹாக்கி லீக்கில் அவர்தான் முதல். பத்தொன்பது வருடமாகக் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம் முழுக்க வலை காத்தவர் அவர். நான் மாற்று கோல்கீப்பர், பெஞ்சிலேயே காலம் தள்ளியவன்.

அன்று மூன்று பகுதிகளில் முதலாவதிலேயே, பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு அவர் முகக்கவசத்தில் வந்து அறைந்தது. விழுந்தார், எழுந்தார், ஆட்டம் தொடர்ந்தது.

இரண்டு இடைவேளையிலும் யாரும் அவரிடம் பேசவில்லை. கோல் விடாமல் நிற்கிறவரிடம் பேசினால் ராசி போய்விடும் என்பது எங்களிடம் சட்டத்தைவிடக் கெட்டி. அவர் கால்காப்பை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

"கோச், ஆளு சரியில்ல," என்றேன்.

"வாய மூடுடா. இன்னும் இருபது நிமிஷம்தான். நீ பேசிக் கெடுத்துடாத."

மூடிக்கொண்டேன். அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பகுதியில் பதினேழு முறை தடுத்தார். கை தானாக எழுந்தது. எப்போதும் இரண்டு கம்பத்தையும் மட்டையால் தட்டுகிறவர், ஒரே கம்பத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. அரங்கமே எழுந்து நின்றது. எங்கள் ஆட்கள் வரிசையாக வந்து, ஜெயித்தால் செய்வதுபோல, அவர் தலையோடு தலை முட்டினார்கள். பதினெட்டுப் பேர்.

கடைசியாக நான் போனேன். முட்டவில்லை.

"முடிஞ்சுதுண்ணே. அறுபத்தொண்ணு."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டம் எப்பப்பா ஆரம்பம்?"